முடிந்துபோகிற விளையாட்டு மட்டும் போதும் எனக்கு

பழைய மவுஸ் எழுதியது:

நான் கேமர் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் கிராபிக்ஸ் கார்டு பெயரைச் சொல்லி மிரட்டக் கூடாது. வயது 43. நூற்பாலை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். இரவு சாப்பிட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து, மகள் படுத்த பிறகு எனக்கென்று முக்கால் மணி நேரம் கிடைக்கும். அந்த முக்கால் மணிக்கு 25 வருடத்துக்கும் மேலாக ஏதாவது ஒரு கேம் துணைக்கு இருக்கிறது.

பழக்கம் தொடங்கியது 1998இல். பத்தாவது பரீட்சை முடிந்த விடுமுறையில் என்னை டைப்ரைட்டிங்குக்கு அனுப்புவதா கம்ப்யூட்டர் கிளாஸுக்கு அனுப்புவதா என்று வீட்டில் பட்டிமன்றமே நடந்தது. மாமா தீர்ப்பு சொல்லிக் கம்ப்யூட்டர் ஜெயித்தது. மொத்தம் ஆறு கம்ப்யூட்டர், செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மாஸ்டர் டீ குடிக்கப் போனால் ஆறு திரையிலும் சாலிட்டேர் ஓடும். மவுஸை அழுத்திப் பிடித்து இழுத்துப் போடுவதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த மாஸ்டர் இல்லை, சிவப்பு ஏழின்மேல் கறுப்பு ஆறு வைத்த அந்தச் சீட்டு விளையாட்டுதான்.

பிற்பாடு அதன் கதையைப் படித்தேன். மைக்ரோசாஃப்டில் பயிற்சிக்கு வந்திருந்த வெஸ் செர்ரி என்ற பையன் பொழுது போகாமல் எழுதியது. 1990இல் விண்டோஸ் 3.0 உடன் உலகம் முழுக்கப் போனது. அவனுக்கு அதற்காகத் தனியாகக் காசு ஒன்றும் கிடைக்கவில்லை. முதலாளி வந்தால் ஒரு விசையைத் தட்டினால் கணக்கு ஏடு மாதிரி ஒரு திரை வரும்படி செய்திருந்தானாம். கம்பெனி அதை எடுக்கச் சொல்லிவிட்டது. கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அந்த விசைமேல்தான் வருத்தம்.

சாலிட்டேரில் பிடித்தது இதுதான்: ஜெயித்தால் சீட்டெல்லாம் துள்ளித் துள்ளி விழும், தோற்றால் பேசாமல் உட்கார்ந்திருக்கும். இரண்டிலும் ஆட்டம் முடிந்துவிடும். நாளைக்கு வா, பரிசு வைத்திருக்கிறேன் என்று கையைப் பிடித்து இழுக்காது. அதைவிட எனக்கு ஃப்ரீசெல் என்ற இன்னொரு சீட்டு விளையாட்டு பிடிக்கும். 52 சீட்டும் திறந்தே கிடக்கும், அதிர்ஷ்டத்துக்கு வேலை இல்லை. எந்த ஆட்டமாக இருந்தாலும் ஜெயிக்க வழி இருக்கிறது, தோற்றால் தப்பு நம்முடையது. அந்த நியாயம் வேறெங்கே கிடைக்கிறது?

இப்போது வருகிறவை அப்படி இல்லை. போன மாதம் பெரியம்மாவின் பதினாறாம் நாள் காரியம். ஐயர் மந்திரம் சொல்கிறார், எல்லோரும் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறோம். என் சட்டைப் பையிலிருந்து கொம்பு ஊதும் சத்தம். மகள் என் போனில் ஏற்றி வைத்திருந்த ஏதோ கோட்டை கட்டும் கேம். "தலைவா, உன் படை தயார்!" என்று செய்தி. பெரியப்பா என்னைப் பார்த்த பார்வையை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்தால் முடிய வேண்டும், முடிந்தால் என்னை விட வேண்டும். இப்படிப்பட்ட விளையாட்டு நீங்கள் எதை விளையாடுகிறீர்கள்? போனோ கம்ப்யூட்டரோ எதுவானாலும் சரி.

லேக் அடிக்குது எழுதியது:

பதிவு சூப்பர் அண்ணா, கொம்பு ஊதிய இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஆனால் பப்ஜியை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்? 100 பேர் குதிக்கிறோம். வட்டம் சுருங்கிக்கொண்டே வருகிறது. அரை மணி நேரத்தில் ஒரு அணிதான் மிச்சம். இதைவிடக் கறாராக முடிகிற ஆட்டம் உண்டா?

எனக்கு அது விளையாட்டே இல்லை. 2020இல் காலேஜ் சேர்ந்த வருடம் முழுக்க வீட்டுக்குள். நாங்கள் நான்கு பேர், ஒருவன் தேனி, ஒருவன் கரூர், ஒருவன் ஓசூர், நான் மஸ்கட்டில் அப்பா அம்மாவோடு. ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே இல்லை. இரவு பத்து மணிக்கு நால்வரும் ஒன்றாகக் குதிப்போம். அந்த கேமில் வரும் போச்சிங்கி என்ற ஊரில் ஒரு வீட்டு மாடியில் படுத்துக்கொண்டு கரூர்க்காரன் தன் காதல் தோல்வியை இருபது நிமிடம் சொன்னான். வட்டம் வந்து எங்கள் உயிரைக் குடித்தது யாருக்கும் தெரியவில்லை. துப்பாக்கி சும்மா, மைக்தான் முக்கியம்.

அந்த செப்டம்பர் 2ஆம் தேதி இந்தியாவில் தடை என்று செய்தி வந்தபோது தெருமுனை டீக்கடையை இடித்த மாதிரி இருந்தது. அடுத்த வருடம் ஜூலையில் இந்தியாவுக்கென்று வேறு பெயரில் வந்தது, 2022 ஜூலையில் அதுவும் போனது, 2023 மே மாதம் மறுபடி வந்தது. அதற்குள் தேனிக்காரனுக்கு வேலை கிடைத்து, ஓசூர்க்காரனுக்குக் கல்யாணமாகி, நான்கு பேர் சேர்வதே தீபாவளி பொங்கலுக்குத்தான் என்று ஆகிவிட்டது.

பழைய மவுஸ் எழுதியது:

தம்பி, போச்சிங்கி மாடி கதைக்கு நன்றி. ஆனால் நீங்கள் சொல்வதில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஆட்டம் முடிகிறது, கடை மூடுவதில்லை. சீசன் பாஸ் என்று ஒன்று வாங்கினால் இன்ன தேதிக்குள் இத்தனை வேலை முடிக்க வேண்டும் என்று பட்டியல் வருகிறதே? நான் ஆலையில் மாதக் கடைசியில் செய்வதும் அதைத்தான். வீட்டுக்கு வந்து அதையே பொழுதுபோக்கு என்று செய்ய மனம் வரவில்லை.

மூன்றாம் பெஞ்ச் எழுதியது:

இந்தத் திரியில் டேஞ்சரஸ் டேவ் என்ற பழைய கேமின் பெயரை யாருமே சொல்லவில்லையா? என்ன அநியாயம்.

பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் அறையில் வாரம் ஒரு பீரியட். இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். ஒருவன் அம்புக்குறியைப் பிடிப்பான், இன்னொருவன் துப்பாக்கிப் பொத்தானைப் பிடிப்பான். சிவப்புத் தொப்பிக்காரன், மொத்தம் பத்து லெவல். கோப்பையை எடுத்தால்தான் கதவு திறக்கும். எடுத்ததும் கீழே ஒரு வரி வரும், "கோ த்ரூ த டோர்!" என்று. பாடப்புத்தகம் இல்லாமல் நான் படித்துப் புரிந்துகொண்ட முதல் ஆங்கில வாக்கியம் அது. அதை எழுதிய ஜான் ரொமேரோதான் பிறகு 1993இல் டூம் என்ற பிரபலமான துப்பாக்கி கேமைச் செய்த குழுவில் இருந்தவர் என்று தெரிந்தபோது, நம்ம ஊர் டிராயிங் மாஸ்டர் பெரிய சினிமா ஆர்ட் டைரக்டர் ஆகிவிட்ட மாதிரி ஒரு பெருமை.

காலேஜ் வந்ததும் பிரவுசிங் சென்டர். மாலையில் போனால் பத்துக் கம்ப்யூட்டரிலும் கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 என்ற துப்பாக்கிச் சண்டை கேம். டஸ்ட் 2 தவிர வேறு மேப் போட்டால் சண்டை வரும். ஆன்லைன் விளையாட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் என்னவென்றால் உங்களைச் சுட்டவன் பக்கத்துச் சீட்டில் இருப்பான். திரும்பி அவன் திரையை எட்டிப் பார்த்தால் தலையில் தட்டு விழும். "ஃபயர் இன் த ஹோல்" என்று, குண்டு வீசுவதைச் சொல்லிக் கம்ப்யூட்டர் கத்துவதற்கு முன்பே மூலையில் ஒருவன் கத்துவான்.

அந்த ஆட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. செத்தால் உடனே உயிர் வராது. அந்தச் சுற்று முடியும் வரை கையைக் கட்டிக்கொண்டு மற்றவர்களை வேடிக்கை பார்க்க வேண்டும். அந்த இரண்டு நிமிடக் காத்திருப்புதான் அடுத்த முறை மூலையில் எட்டிப் பார்க்கும்போது பயத்தைக் கொடுத்தது. நேரத்துக்குக் காசு கொடுத்திருந்த பயல்களுக்குச் சாவு என்பது நிஜமாகவே நஷ்டம். இப்போது செத்த நொடியே எழுந்து ஓடுகிற கேம்களில் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்வதில்லை.

கடலைமிட்டாய் எழுதியது:

ஆண்பிள்ளைகள் எல்லாம் துப்பாக்கி பேசி முடித்தாயிற்றா? நான் கொஞ்சம் விவசாயம் பேசுகிறேன்.

2009இல் ஃபேஸ்புக்கில் ஃபார்ம்வில் வந்தது. எனக்குக் கல்யாணமாகிப் புதிதாக வந்த ஊரில் ஒருவரையும் தெரியாது. கணவர் ஷிஃப்டுக்குப் போய்விடுவார். அந்தத் தோட்டம்தான் ஊர். அதில் ஸ்ட்ராபெரி நட்டால் நான்கு மணி நேரத்தில் பழுக்கும். சரியான நேரத்தில் பறிக்காவிட்டால் வாடிப்போகும். நான் இரவு ஒன்றரைக்கு அலாரம் வைத்து எழுந்து ஸ்ட்ராபெரி பறித்திருக்கிறேன். பக்கத்து அறையில் படுத்திருந்த மாமியார், மருமகள் ராத்திரியில் எழுந்து யாருடனோ பேசுகிறாள் என்று நினைத்து மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை. நான்காம் நாள் உண்மையைச் சொன்னேன். இல்லாத தோட்டத்துக்கா அலாரம் என்று கேட்டுவிட்டு, பத்து நாளில் அவரே கத்தரிக்காய் போட ஆரம்பித்தார்.

பிறகு கேண்டி க்ரஷ். ஐந்து உயிர். ஒன்று போனால் திரும்பி வர அரை மணி. போனின் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்து உயிர் வாங்குகிற வித்தையை எங்கள் தெருவில் கண்டுபிடித்தது மாமியார்தான். அதில் ஒரு நாள் எல்லா அலாரமும் தப்பாகி வீடே பள்ளிக்கூட வேனை விட்டது.

பழைய மவுஸ் சார், ஆட்டம் முடிகிறதா இல்லையா என்று பார்க்கிறீர்கள். நான் வேறு ஒன்றைப் பார்க்கிறேன். நான் எழுந்து போனால் அங்கே நேரம் நிற்கிறதா, ஓடுகிறதா? ஃபார்ம்வில்லில் ஓடும். நான் குழம்பு தாளிக்கும்போதும் அங்கே பயிர் வாடும். இப்போது இரண்டு வருடமாக ஸ்டார்டியூ வேலி விளையாடுகிறேன். அதுவும் தோட்டம்தான், அதே விதை, அதே தண்ணீர். எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நான்கு வருடத்துக்கு மேல் தனியாக உட்கார்ந்து படம், இசை, கதை எல்லாம் செய்து 2016இல் வெளியிட்டது. அங்கே ஒரு நாள் என்பது நமக்கு ஏறக்குறைய 14 நிமிடம். மூடிவிட்டால் சூரியன் அப்படியே நிற்கும். ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்து திறந்தாலும் பூசணிக்காய் விட்ட இடத்தில் இருக்கும். ஒருவர் கூட ஏன் வரவில்லை என்று கேட்க மாட்டார்கள். வீட்டில் இப்படி ஒரு இடம் எனக்கு இல்லை.

அதற்கு ஒரு முடிவும் கிடையாது, ஆனாலும் அது என்னைப் பிடித்து வைப்பதில்லை. உங்கள் விதியில் அதற்கு இடம் உண்டா?

பழைய மவுஸ் எழுதியது:

அம்மா, மூன்று முறை படித்தேன். என் விதியை விட உங்கள் விதி நன்றாக இருக்கிறது. நேரம் நிற்கிறதா ஓடுகிறதா. இதை வைத்துப் பார்த்தால் கோட்டை கேம் ஏன் காரிய வீட்டில் கொம்பு ஊதியது என்பதும் புரிகிறது. நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது அது இங்கே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

லேக் அடிக்குது எழுதியது:

அக்கா, ஸ்டார்டியூவை ரொம்ப நல்ல பிள்ளையாகக் காட்டாதீர்கள். அதில் படுத்துத் தூங்கினால்தான் சேமிக்கும். நாள் முடிந்ததும் உடனே அடுத்த நாள் காலை விடியும், மழை பெய்யும், தபால் வந்திருக்கும். "இந்த ஒரு நாள் மட்டும்" என்று என் ரூம்மேட் விடிய விடிய உழுதிருக்கிறான். 28 நாளில் பருவம் மாறினால் பழைய பயிர் செத்துவிடும் என்று சொல்லிக்கொண்டே உழுதான். மறுநாள் அவனுக்கு இன்டர்வியூ.

கடலைமிட்டாய் எழுதியது:

தம்பி, அது கேமின் தப்பு இல்லை, ரூம்மேட்டின் தப்பு. எங்கள் வீட்டில் குக்கர் விசில் அடிக்கும். பேச்சலர் அறையில் விசில் அடிக்க ஆள் இல்லை.

சிப்பாய் எழுதியது:

முதலில் ஒரு திருத்தம். ஃப்ரீசெல்லில் எல்லா ஆட்டத்துக்கும் வழி உண்டு என்று திரியைத் தொடங்கியவர் எழுதியிருக்கிறார். ஒன்றுக்கு இல்லை. பழைய விண்டோஸில் 1 முதல் 32,000 வரை எண் போட்ட ஆட்டங்கள் இருந்தன. 1994-95இல் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இணையத்தில் சேர்ந்து, ஆளுக்கு இத்தனை என்று பங்கு பிரித்து, எல்லாவற்றையும் விளையாடிப் பார்த்தார்கள். மிஞ்சியது ஒன்றே ஒன்று, 11982. யாராலும் முடியவில்லை. பிறகு கம்ப்யூட்டரை விட்டுத் தேடியும் வழி இல்லை என்றுதான் வந்தது. சும்மா பொழுதுபோக்கு என்கிறோம், அதற்கு இப்படி உழைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

அடுத்து, உங்கள் இரண்டு விதியையும் உடைக்கிற ஒரு விளையாட்டைச் சொல்கிறேன். சதுரங்கம்.

நான் விளையாடும் லிசெஸ் தளத்தில் விளம்பரம் இல்லை, காசு இல்லை, நிரலையும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். வா வா என்று கூப்பிடாது. மூன்று நிமிட ஆட்டம் என்றால் ஆளுக்கு மூன்று, மொத்தம் ஆறு நிமிடத்தில் கதை முடிந்தது. நான் இல்லாதபோது அங்கே ஒன்றும் ஓடுவதில்லை. பழைய மவுஸ் விதிப்படியும் கடலைமிட்டாய் அக்கா விதிப்படியும் நூற்றுக்கு நூறு.

ஆனால் நான் அதில் ஒரே இரவில் 41 ஆட்டம் ஆடியிருக்கிறேன். தோற்றால் எட்டுப் புள்ளி குறையும். அந்த எட்டை மீட்காமல் படுக்க முடியாது. மீட்கப் போய் இன்னொரு பதினாறு போகும். அதிகாலை மூன்றரைக்கு எதிரே யாரோ ஒரு அர்ஜென்டினாக்காரர், என் ராணியைச் சும்மா எடுத்துக்கொண்டு போகிறார். எனக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை, என்னைப் பார்த்தால்தான் பாவமாக இருந்தது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனபோது எங்கள் அப்பார்ட்மெண்டில் பட்டாசு வெடித்தார்கள். என்னிடம் வந்து நீங்களும் செஸ் ஆடுவீர்களாமே என்று கேட்டார் ஒருவர். ஆடுவேன், ஆனால் அந்த செஸ் வேறு என்றேன்.

ஆகவே பிடித்து இழுப்பது எப்போதும் கேம்தான் என்று சொல்ல முடியாது. சில நேரம் நாமே கயிற்றைக் கொடுக்கிறோம்.

தூங்காநகரம் எழுதியது:

கயிறு என்றதும் சொல்லத் தோன்றியது. என் சித்தி மகன் கதை. அவனுக்கும் சீட்டுதான் பிடிக்கும். ரம்மி. கல்யாண வீட்டு மொட்டை மாடியில் பத்து ரூபாய்க்கு விளையாடியவன், போனில் ஒரு செயலியில் ஆரம்பித்தான். முதல் வாரம் ஜெயித்தான், எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தான். ஒன்றரை வருடத்தில் பைக், மனைவியின் நகை, கடைசியில் சித்தப்பா பெயரில் எடுத்த கடன். மொட்டை மாடியில் தோற்றால் எதிரே இருப்பவன் மாமா மகன், போதும் படுடா என்று சீட்டைப் பிடுங்கிவிடுவான். போனில் அப்படிப் பிடுங்க ஆள் கிடையாது.

தமிழ்நாட்டில் காசு வைத்து ஆடும் செயலிகளில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை நுழையக் கூடாது என்று 2025இல் விதி கொண்டுவந்தார்கள். உயர் நீதிமன்றமும் அது சரி என்றது. அந்த ஐந்து மணி நேரம்தான் அவன் எல்லாவற்றையும் இழந்த நேரம் என்பதால் எனக்கு அந்த விதியின் அருமை தெரியும். அந்த ஆகஸ்டிலேயே காசு வைத்து ஆடுவதை நடத்தவே கூடாது என்று நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. அதில் ஆடுகிறவனுக்குத் தண்டனை இல்லை, நடத்துகிறவனுக்கும் விளம்பரம் செய்கிறவனுக்கும் அதற்குப் பணம் கைமாற்றிக் கொடுக்கிறவனுக்கும்தான். சித்தி மகன் இப்போது சும்மா சாலிட்டேர் ஆடுகிறான். அவன் போனில் ஒரு ரூபாய்கூட அனுப்ப முடியாதபடி அவன் மனைவி செய்துவைத்திருக்கிறாள்.

செயலியின் பெயர் வேண்டுமா?

நெறியாளர்:

வேண்டாம். பெயர், இணைப்பு எதுவும் போட வேண்டாம். காசு வைத்து ஆடுவதைப் பற்றித் தனித் திரி இருக்கிறது, அங்கே தொடரலாம். இங்கே பழைய மவுஸ் கேட்டதற்கு வாருங்கள்.

பழைய மவுஸ் எழுதியது:

தூங்காநகரம், மனம் கனத்துவிட்டது. தம்பி மீண்டதில் நிம்மதி.

சிப்பாய், 11982க்கு நன்றி. 25 வருட நம்பிக்கையை ஒரு வரியில் சாய்த்துவிட்டீர்கள். நான் தோற்றதெல்லாம் என் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவேளை என்றோ ஒரு நாள் அந்த எண் எனக்கு வந்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது. செஸ் விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை. புள்ளி காட்டாத மாதிரி அமைத்துக்கொள்ள முடியாதா?

சிப்பாய் எழுதியது:

முடியும். புள்ளி இல்லாமலே ஆடலாம். இரண்டு நாள் ஆடினேன். மூன்றாம் நாள் உப்பில்லாத கஞ்சி மாதிரி இருந்தது, விட்டுவிட்டேன்.

ஸ்காபரோ வேம்பு எழுதியது:

வணக்கம். திரியை வாசித்துக்கொண்டு வந்தேன், இவ்வளவு நேரம் ஒருவரும் வெண்பாவைச் சொல்லவில்லை. யாப்பு அல்ல, கேம்.

எனக்கு ஊர் யாழ்ப்பாணம். உங்கள் ஆட்கள் கம்ப்யூட்டர் வகுப்பில் சாலிட்டேர் ஆடிய காலத்துக்குக் கொஞ்சம் முந்தி எங்களுக்கு மின்சாரமே இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோ சுற்றி ரேடியோ கேட்டோம். எனக்குப் பொழுதுபோக்கு என்றால் தாயமும் கரம் போர்டும்தான். கனடாவுக்கு வந்து முப்பது வயதுக்குப் பிறகுதான் கேம் என்ற ஒன்றைத் தொட்டேன், அதுவும் மகனுக்காக.

2023இல் அவன்தான் இதைக் காட்டினான். ரொறொன்ரோவில் இருக்கிற விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு செய்தது. 1988இல் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்கு வந்த ஒரு குடும்பம். வெண்பா என்ற தாய், கணவன், பிறகு கவின் என்று ஒரு மகன். தாயின் அம்மா எழுதித் தந்த சமையல் புத்தகம் கிழிந்துபோய்க் கிடக்கிறது. விடுபட்ட இடத்தை நாங்கள்தான் யோசித்துச் சமைக்க வேண்டும். முதல் புதிர் இட்லி. தட்டுகளை எந்த வாக்கில் அடுக்குவது என்பதில் இருக்கிறது சூட்சுமம். பிறகு புட்டு வரும். சமைக்கும்போது ரேடியோவில் பாட்டுப் போகும்.

மகனுக்கு அந்த இட்லித் தட்டு விளங்கவில்லை. இங்கே பிறந்தவன், இட்லியைக் கடையில் வாங்கித் தின்பவன். நான் பக்கத்தில் இருந்து, ஒரு குழிக்கு நேர்மேலே இன்னொரு குழி வந்தால் இட்லி எப்படி எழும்பும் என்று கேட்டேன். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். இவ்வளவு வருடத்தில் அவன் விளையாடும்போது எனக்குத் தெரிந்து அவனுக்குத் தெரியாத விஷயம் வந்தது அன்றைக்குத்தான்.

ஒன்றரை மணி நேரத்தில் கேம் முடிந்துவிட்டது. மகன் எழும்பிப் போகாமல் அப்படியே இருந்தான். பிறகு, அப்பா, அப்பம்மா எப்படிப் புட்டு அவிப்பா என்று கேட்டான். அடுத்த வருடம் அதற்கு பிரிட்டனில் பாஃப்டா விருது கிடைத்தது, முதல் படைப்புக்கானது. பழைய மவுஸ் அண்ணை, நீங்கள் கேட்டது முடிந்துபோகிற விளையாட்டு. இது முடிந்தது, ஆனால் எங்கள் வீட்டில் இன்னும் கொஞ்சம் நடந்துகொண்டிருக்கிறது.

மூன்றாம் பெஞ்ச் எழுதியது:

வேம்பு சார், நெகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் காசு கொடுத்து வாங்குகிறவன் என்ற முறையில் கேட்கிறேன், ஒன்றரை மணி நேரத்துக்கு விலை கொடுத்து ஒரு கேமா? அதே காசுக்குத் தள்ளுபடியில் நூறு மணி நேரம் ஓடுகிறதை வாங்கலாமே. நான் எப்போதும் மணிக்கு எத்தனை ரூபாய் என்று வகுத்துப் பார்த்துத்தான் வாங்குவேன்.

கடலைமிட்டாய் எழுதியது:

சாப்பாட்டையும் கிலோவுக்கு எத்தனை ரூபாய் என்று வகுத்துத்தான் சாப்பிடுவீர்களா? அப்படியென்றால் தினமும் உப்புமாதான்.

மூன்றாம் பெஞ்ச் எழுதியது:

அக்கா, ஹாஸ்டலில் நான்கு வருடம் அதுதான் நடந்தது.

அது இருக்கட்டும். வீட்டில் அலமாரி நிறைய இருக்கிற மாதிரி, ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் என் கணக்கில் 60க்கும் மேல் கேம் கிடக்கிறது. வகுத்துப் பார்த்து வாங்கியவைதான். திறந்து பார்த்தது பத்து இருக்கும். எனவே உங்கள் பேச்சிலும் நியாயம் இருக்கலாம். வெண்பாவைத் தள்ளுபடிப் பட்டியலில் போட்டு வைத்திருக்கிறேன். தள்ளுபடி வந்தால்தான் வாங்குவேன், அதில் மாற்றமில்லை.

லேக் அடிக்குது எழுதியது:

ஒரு நல்ல செய்தி சொல்லவா? நேற்று இந்தத் திரியை எங்கள் நால்வர் குழுவில் போட்டேன். கரூர்க்காரன் படித்துவிட்டு, என் காதலை ஊருக்கே சொல்லிவிட்டாயா என்று திட்டினான். அப்புறம் சனிக்கிழமை பத்து மணிக்கு வாருங்கள் என்றான். ஓசூர்க்காரன் மனைவியிடம் கேட்டுச் சொல்கிறானாம்.

பழைய மவுஸ் எழுதியது:

மனைவியிடம் கேட்பதில் தப்பில்லை. சேர்ந்தால் மாடியில் படுத்துப் பேசுங்கள், வட்டத்தைப் பார்க்காதீர்கள்.

எல்லோருக்கும் பதில் எழுத நினைத்தேன், இப்போது வேறு அவசரம். மைன்ஸ்வீப்பர் ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்துக் கட்டங்களில் எத்தனை குண்டு என்று எண் சொல்லும், குண்டைத் தொடாமல் மற்றதையெல்லாம் திறக்க வேண்டும். எக்ஸ்பர்ட், 480 கட்டம், 99 குண்டு. இதுவரை வாழ்க்கையில் ஆறு முறைதான் முடித்திருக்கிறேன். இன்று ஏழாவது வரும் போலிருக்கிறது. வலது கீழ் மூலையில் இரண்டே கட்டம் பாக்கி, ஒரு குண்டு பாக்கி. சுற்றியிருக்கிற எண்கள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சொல்கின்றன. கையை எடுத்துவிட்டேன். இடதா, வலதா?

சிப்பாய் எழுதியது:

யோசித்துப் பயன் இல்லை. எண்கள் சொல்லாததை மூளையால் எடுக்க முடியாது. பொதுவாகவே மைன்ஸ்வீப்பர் லேசுப்பட்டது இல்லை, திரையில் தெரியும் எண்களுக்கு முரண் இல்லாமல் குண்டுகளை வைக்க முடியுமா என்று கண்டுபிடிப்பதே கம்ப்யூட்டருக்கும் கடினமான புதிர் வகையைச் சேர்ந்தது என்று ரிச்சர்ட் கே என்ற கணிதவியலாளர் 2000இல் நிறுவியிருக்கிறார். ஆனால் உங்களுக்கு இப்போது தேவை கணிதம் இல்லை, பூவா தலையா.

மூன்றாம் பெஞ்ச் எழுதியது:

இடது. எப்போதும் இடது. டேவில்கூட நான் இடது பக்கம்தான் முதலில் பார்ப்பேன்.

கடலைமிட்டாய் எழுதியது:

வலது. மாமியாரைக் கேட்டேன், வலது என்கிறார். கடிகார வித்தை கண்டுபிடித்தவர், நம்பலாம்.

ஸ்காபரோ வேம்பு எழுதியது:

முதல் அழுத்தில் மட்டும்தான் குண்டு வராமல் அந்த விளையாட்டு காப்பாற்றும், கடைசியில் கைவிட்டுவிடும். நான் மாமியார் பக்கம்.

பழைய மவுஸ் எழுதியது:

மாமியார் சொன்னபடி வலது.

வெடித்துவிட்டது. அம்மா, அவரிடம் சொல்ல வேண்டாம். மணி பதினொன்றேகால், படுக்கப் போகிறேன்.